என்ஜின் வியர்த்த பிற்பகல்

கையை வெட்டுவது என்றால் என்னவென்று அந்தப் பந்தயப் பாதையில் எல்லோருக்கும் தெரியும். காருக்கு முன்னால் நிற்கிறவர் தன் கழுத்துக்குக் குறுக்கே கையை ஓர் இழுப்பு இழுத்தால், ஓட்டுகிறவர் மறுபேச்சில்லாமல் என்ஜினை அணைத்துவிட வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். அந்தக் கோடையில் மார்லிஸ் ஹ்ருஸ்கா இரண்டு முறை கையை வெட்டியிருந்தாள். இரண்டு முறையும் காரில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு முறையும் அவள் மகள் கோரி, ஓடாமலே தோற்றாள்.

மூன்றாவது முறையைப் பற்றி, பந்தயத்துக்குப் போகிற வழியிலேயே கோரி பேசிவிட்டாள். பிக்கப் வண்டியை அவள்தான் ஓட்டினாள். பின்னால் ட்ரெய்லரில் கார் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் இடுப்பளவு சோளம்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"இன்னைக்கும் சும்மா கைய வெட்டினேன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து முன்னால நிக்க வேற ஆள் பாத்துக்குவேன். ஆர்லோ மாமா நிக்கிறேன்னு சொல்லிட்டாரு."

"ஆர்லோவுக்கு ஒரு கண்ணு சரியா தெரியாது."

"தெரியாத கண்ணுக்கு இல்லாத தீயும் தெரியாதுல்ல."

சொன்ன பிறகு கோரிக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். ஆறிப் போன காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, அம்மாவிடம் நீட்டினாள். மார்லிஸ் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. குவளையின் மூடியை மூடி, திறந்து, மூடிக்கொண்டே வந்தாள்.

ஓட்டாதே என்று சொல்ல மார்லிஸுக்கு வாய் இருந்தது. கேட்டுக்கொள்ளத்தான் கோரிக்கு வயது கடந்துவிட்டது. இருபத்தொன்று. எப்படியும் ஓட்டத்தான் போகிறாள். அப்படியானால் அந்தக் காரை நிறுத்தக்கூடிய ஒரே கை எங்கே இருக்கிறதோ, அங்கே தான் நிற்பது என்று மார்லிஸ் முடிவெடுத்திருந்தாள். அது துணிச்சல் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கிற பயத்தை விட, நேரில் நின்று பார்க்கிற பயம் ஒரு மாற்றுக் குறைவு, அவ்வளவுதான். அந்த இடமும் இன்றோடு போய்விடலாம்.

முன்னால் நிற்கிற வேலை இதுதான். ஓட்டத்துக்கு முன் பின்சக்கரங்களைத் தண்ணீரில் நனைத்து, நின்ற இடத்திலேயே புகை கிளம்பச் சுழலவிட்டு டயரைச் சூடாக்குவார்கள். அந்த வேகத்தில் கார் கொஞ்ச தூரம் முன்னால் பாய்ந்துவிடும். அதைப் பின்னால் எடுத்து, தான் தேய்த்த கறுப்புத் தடத்தின் மேலேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஓட்டுகிறவர் இடுப்பிலும் தோளிலும் பட்டை கட்டி இறுக்கப்பட்டிருப்பார். திரும்பிப் பார்க்க வழியில்லை. அதனால் ஒருவர் காருக்கு முன்னால் நின்று, காரின் அடிவழியாகப் பின்டயரைப் பார்த்து, கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று விரலால் சொல்ல வேண்டும். மார்லிஸ் தன் கணவன் டுவேனுக்குப் பத்தொன்பது வருடம் அப்படி நின்றவள். அவன் தலைக்கவசத்துக்குள்ளிருந்து கண்ணடிப்பான். அவள் முறைத்துக்கொண்டே விரலை அசைப்பாள்.

இந்தக் கார் டுவேனுடையதுதான். எழுபதாம் வருடத்துச் செவெல். அவன் வாங்கும்போது அதன் கதவில் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. வருடா வருடம் என்ஜினைப் பிரித்து, பிஸ்டன்களை மாற்றி, அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் பெட்ரோலால் தாங்க முடியாத இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் தன் முறை வருமுன்பே வெடிக்கும். பிஸ்டன் மண்டை உடையும். அதனால் மெத்தனாலுக்கு மாறினான். சாராயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற திரவம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். பெட்ரோலைப் போல இரண்டு மடங்கு செலவாகும், ஆனால் என்ஜினைக் குளிர வைக்கும். ஜூலை வெயிலில், மனிதர்கள் தொப்பியைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருக்கும்போது, அந்த என்ஜினின் மேல்பகுதியில் பனி பூத்திருக்கும். பனி உருகி முத்து முத்தாக இறங்கி, காருக்கு அடியில் சொட்டும். என்ஜின் வியர்க்கிறது என்பார்கள்.

மார்லிஸ் இரண்டு முறை கையை வெட்டியது அந்த வியர்வையைப் பார்த்துத்தான்.

ஏனென்றால் மெத்தனாலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது எரியும்போது புகையாது. பகல் வெளிச்சத்தில் அதன் நெருப்புக்கு நிறம் கிடையாது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டுவேன் முதல் தடவையாக ஒன்பது விநாடிக்குள் கால் மைலைக் கடந்தான். பாதையின் கோடியில் காரை நிறுத்தி, இறங்கி, ஆட ஆரம்பித்தான். ஜெயித்தால் ஆடுவது அவன் வழக்கம். அவன் அம்மா வழியில் வந்த போல்கா ஆட்டம், முழங்காலைத் தூக்கி, கையை மேலே வீசி. கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். அன்றும் கைதட்டியது. ஒலிபெருக்கிக்காரர் அக்கார்டியன் சத்தத்தை வாயாலேயே வாசித்தார். தொடக்கக் கோட்டருகே நின்ற மார்லிஸும் கையைத் தூக்கி, அங்கிருந்தே அவனுக்குப் பதிலுக்கு நான்கு அடி ஆடினாள். எதிர்க்கோடியில் அவன் இன்னும் வேகமாக ஆடினான். கீழே விழுந்து உருண்டான். கூட்டம் சிரித்தது.

அவன் சட்டை தானாகக் கறுத்துச் சுருண்டபோதுதான் பாதைக் கோடியில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்தான். அவள் ஆடியதை அவன் பார்த்தானா என்று அந்தப் பதினோரு நாளும் அவள் கேட்கவில்லை. கேட்கவும் முடிந்திருக்காது.

பிறகு கோரியும், டுவேனுடைய என்ஜினைப் பிரித்துக் கோக்கும் நண்பன் ஆர்லோவும் சேர்ந்து, கொட்டகையில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்து அந்தக் காரை மறுபடி எழுப்பினார்கள். மார்லிஸ் ஒரே ஒரு சத்தியம் வாங்கினாள். ஓட்டம் முடிந்து இறங்கியதும் கோரி காரைவிட்டுப் பத்தடி நடந்து தரையில் உட்கார வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும். உட்கார்ந்தால் நலம். கை ஆடினால் தீ. வேறு அர்த்தமே கிடையாது. மூன்று கோடையாகக் கோரி அந்த வார்த்தையைக் காப்பாற்றி வந்தாள். ஜெயித்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்காருகிற பெண் என்று அவளுக்குப் பாதையில் பெயரே வந்துவிட்டது.

பிக்கப்பின் பின்தட்டில் மார்லிஸ் மூன்று சாமான் வைத்திருப்பாள். இரண்டு பெரிய கேன் தண்ணீர். மெத்தனால் தீ தண்ணீருக்கு அடங்கும். மூன்றாவது, நீளக் கைப்பிடி போட்ட ஒரு வைக்கோல் துடைப்பம். தீ இருக்கிறதா என்று தெரியாத இடத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை வைக்கோல் காட்டிக்கொடுக்கும். ஒரு பழைய தீயணைப்புக்காரர் அவளுக்குச் சொன்னது அது. சொல்ல வேண்டிய நாளுக்கு ஒரு மாதம் கழித்துச் சொன்னார்.

"துடைப்பத்தோட வந்துட்டியா மார்லிஸ்?" என்று அன்று ஆர்லோ வரவேற்றான். "மேல ஏறிப் பறந்துடாத. இங்க எல்லாருக்கும் நீ சூனியக்காரியோன்னு ஏற்கெனவே ஒரு சந்தேகம்."

"பறந்தா மொதல்ல உன் மண்டை மேலதான் எறங்குவேன்."

"எறங்கு. இங்க முடி இல்ல, வழுக்கும், பாத்து."

அன்று கோரியின் கார் நன்றாக ஓடியது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. ஒவ்வொரு முறையும் மார்லிஸ் முன்னால் நின்றாள். ஒவ்வொரு முறையும் காரின் அடியில் வியர்வை சொட்டியது. ஒவ்வொரு முறையும் அவள் கை கழுத்துவரை வந்து, தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்குவாள். கார் போன பிறகு தடுப்புச் சுவரோரம் குனிந்து நிற்பாள். வெண்டல் என்று ஒருவர், ஓட்டத்தைத் தொடங்கிவைக்க விளக்கு விடுகிற ஸ்டார்ட்டர், அவளைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நல்ல மனிதர். டுவேனின் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் விளக்கு விட்டார்.

மூன்றாம் சுற்று முடிந்ததும் கோரி பானெட்டைத் திறந்து பார்த்து உதட்டைக் கடித்தாள். கார்புரேட்டருக்கு எரிபொருள் கொண்டுபோகிற குழாய்களில் ஒன்று, எஃகு வலை போர்த்தியது, முனையில் பிசிறிட்டிருந்தது. இறுதிச் சுற்றுக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. மாற்றுக் குழாய் கொண்டுவரவில்லை. ஆர்லோ ட்ரெய்லரின் அடிப்பெட்டியைக் குடைந்து, டுவேன் காலத்துக் கறுப்பு ரப்பர் குழாய் ஒரு முழம் எடுத்து வந்தான். கத்தியால் அளவுக்கு நறுக்கி, இரண்டு பக்கமும் கிளாம்ப் வளையம் போட்டு முறுக்கினான்.

மார்லிஸ் ரொட்டியில் சாசேஜ் வைத்து மூவருக்கும் கொண்டுவந்தவள், அதைப் பார்த்து நின்றாள்.

"அது பெட்ரோல் குழாய்தானே?"

ஆர்லோ நிமிரவில்லை. "குழாய்னா குழாய்தான்."

"மெத்தனால் அந்த ரப்பரைத் தின்னும். டுவேன் சொல்லுவான்."

"தின்னும். ஒரு மாசத்துல தின்னும். நமக்கு ஒன்பது விநாடி போதும்."

"பெட்டில நாலு வருஷமாக் கெடந்த ரப்பர் அது, ஆர்லோ."

"அம்மா," என்றாள் கோரி. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் காலையில் பிக்கப்பில் பேசிய எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. "இன்னும் ஒரே ஒரு ஓட்டம். பம்பைப் போட்டுப் பாத்துட்டோம். ஒரு சொட்டு கசியல."

மார்லிஸ் சாசேஜைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அவர்கள் பம்பைப் போட்டுப் பார்த்தது உண்மை. கசியாததும் உண்மை. என்ஜின் ஓடி, காருக்கு உடம்பெல்லாம் நடுங்கும்போது அந்தக் காய்ந்த ரப்பர் கிளாம்பின் விளிம்பில் எப்படி இருக்கும் என்பதை நின்றிருக்கிற காரில் யாரும் பார்க்க முடியாது. அதையும் அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்றாவது முறை ஆகிவிடும் என்று நினைத்தாள். கையை வெட்டினால்தான் கணக்கு, வாயால் சொன்னால் கணக்கில்லை என்று பிறகு தோன்றியது. பிறகு தோன்றி என்ன.

இறுதிச் சுற்று நான்கு மணிக்கு. வெயில் பாதையின் மேல் அசையாமல் கிடந்தது. காற்றில் அவ்வளவு ஈரம், துடைத்த நெற்றி துடைக்கத் துடைக்க நனைந்தது. பக்கத்துத் தடத்தில் ஓர் ஆரஞ்சு நிறக் கார், பெட்ரோல் என்ஜின், பக்கத்து மாவட்டத்துப் பையன் ஒருவன் ஓட்டினான்.

கோரி டயர்களைச் சுழலவிட்டாள். வெள்ளைப் புகை எழுந்து, கார் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து நின்றது. மார்லிஸ் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் தன் பக்கமிருந்து தள்ளினாள். பின்னால் போ. இடது. இன்னும் கொஞ்சம். நேர். கார் உறுமிக்கொண்டே பின்வாங்கியது. அவள் அதனோடு நடந்தாள், குனிந்து, அடிவழியாகப் பின்டயரைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் சொட்டியது. வழக்கமாகச் சொட்டும் இடம் இல்லை. ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி.

அவளுக்குக் காது அடைத்தது. என்ஜின் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. வியர்வையாக இருக்கலாம். புதுக் குழாயின் மேல் பனி பிடித்து, அதன் வழியாக இறங்கியிருக்கலாம். டயர் நனைத்த தண்ணீர் தெறித்ததாக இருக்கலாம். இல்லையென்றால் மெத்தனால். மூன்றும் ஒரே நிறம். முகர்ந்து பார்க்கலாம் என்றால், எரிந்த ரப்பர் வாசனை தவிர அங்கே வேறு வாசனைக்கு இடமில்லை.

காரை நிறுத்தச் சொல்லி உள்ளங்கையைக் காட்டினாள். நின்றது. முழங்காலை மடித்து உட்கார்ந்து, கையை நீட்டி, முன்பக்கத்துக்கு அடியில் தரையில் விழுந்த துளியை ஆள்காட்டி விரலால் தொட்டாள். சில்லென்று இருந்தது. பனி நீரும் சில்லென்றுதான் இருக்கும்.

"மார்லிஸ்," என்று வெண்டல் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "நகரணும். அந்தப் பையன் காத்துக்கிட்டிருக்கான்."

அவள் எழுந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தலைக்கவசத்துக்குள் கோரியின் கண்கள் மட்டும் தெரிந்தன. டுவேனுடைய கண்கள். அவை கண்ணடிக்கவில்லை. அம்மா, தயவுசெய்து என்றன.

மார்லிஸின் வலது கை மேலே வந்தது. கழுத்துக்கு வந்தது. அங்கிருந்து விலகி, முன்னால் நீண்டு, கட்டைவிரலைத் தூக்கியது.

கோரி தலையசைத்தாள். மார்லிஸ் ஒதுங்கி, காரின் பக்கவாட்டில் நடந்து கோட்டுக்குப் பின்னால் வந்தாள். இருபது அடி இருக்கும். அவ்வளவு நடப்பதற்குள் தன் விரலைப் பார்த்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது, மணிக்கட்டு நனைந்திருந்தது, கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அந்த ஒரு விரல்நுனி மட்டும் காய்ந்திருந்தது. மாவில் தோய்த்த மாதிரி வெளுத்து, குளிர்ந்து, காய்ந்திருந்தது.

தண்ணீர் அன்று யார் உடம்பிலும் காயவில்லை.

அவள் திரும்பிக் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். காருக்குப் பின்னால் நின்று வெட்டுகிற கையை யார் பார்ப்பார்கள். மஞ்சள் விளக்குகள் விழுந்தன, பச்சை விழுந்தது, இரண்டு கார்களும் தரையை உதைத்துக்கொண்டு போயே போய்விட்டன.

பிக்கப் வரை எப்படி ஓடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. சாவியைத் திருகும்போது ஒலிபெருக்கி கோரியின் பெயரைச் சொன்னது. ஜெயித்துவிட்டாள். கார்கள் திரும்பி வருகிற பக்கச் சாலையில் வேகம் காட்டக் கூடாது என்று விதி. மார்லிஸ் மிதித்தாள். பின்தட்டில் தண்ணீர்க் கேன்கள் மோதிக்கொண்டன. ஓடும்போது காற்று தீயைப் பிடிக்க விடாது, அது அவளுக்குத் தெரியும். டுவேனுக்கும் ஓடும்போது பிடிக்கவில்லை. கார் நிற்க வேண்டும். நின்ற பிறகு, சூடான புகைக்குழாயின் மேல் சொட்டச் சொட்ட, தன் சாவகாசத்தில் பிடிக்கும்.

உட்காரு, என்று வாய்விட்டுச் சொன்னாள். உட்காரு, கண்ணு. பத்தடி நடந்து உட்காரு.

பாதைக் கோடியில் பெரும் புகை எழும்பியிருந்தது. அது ஆரஞ்சுக் கார். என்ஜின் உடைந்து, எண்ணெயைக் கொட்டிக்கொண்டு, புல்லில் போய் நின்றிருந்தது. கன்னங்கரேல் என்று புகை, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற புகை. மீட்பு வண்டி அங்கே போயிருந்தது. இருந்த நான்கு பேரும் அங்கே ஓடியிருந்தார்கள். அந்தப் பையன் தன் காலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

அதற்கு இருநூறடி அப்பால் செவெல் தனியாக நின்றது. புகை இல்லை. ஒன்றும் இல்லை. சுத்தமாக, நீலமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு.

காருக்குப் பக்கத்தில் கோரி நின்றாள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. குதித்துக்கொண்டிருந்தாள்.

பார்வை மேடையில் கைதட்டல் கேட்டது.

மார்லிஸ் பிக்கப்பைப் புல்லில் ஏற்றி, நிறுத்தியும் நிறுத்தாமலும் இறங்கினாள். ஒரு கேனைத் தூக்கினாள். மற்ற நாளில் அதை இரண்டு கையாலும் தூக்க முடியாது. ஓடிப்போய் மகளின் தலையிலிருந்து கால்வரை கொட்டினாள், கழுத்தில், முதுகில், மறுபடி நெஞ்சில். பிறகு அவளைத் தள்ளித் தரையில் சாய்த்து, மேலே விழுந்து, வெறுங்கையால் உடையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கே சுடுகிறது என்று தேடினாள்.

எங்கும் சுடவில்லை.

"அம்மா. அம்மா, விடு. என்ன பண்றே." கோரி இருமிக்கொண்டே எழுந்தாள். தலைமுடி முகத்தில் அப்பிக்கிடந்தது. "நான் ஜெயிச்சுட்டேம்மா. அதான். அதுக்குத்தான் குதிச்சேன்."

"உக்காரணும்னு சொன்னேன்ல."

"மறந்துட்டேன். ஜெயிச்சா ஒருத்தி மறக்க மாட்டாளா? அப்பா டைம விட ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு கம்மி, தெரியுமா?" குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "ஊரே பாத்துக்கிட்டிருக்கு. எங்க தீ? எங்கேம்மா? காட்டு. இது நாலாவது வருஷம். எங்க பாத்தாலும் உனக்குத் தீ."

மார்லிஸ் காரையே பார்த்தாள்.

"பம்பை வேற அணைக்கல," என்று முனகிக்கொண்டே கோரி காரை நோக்கித் திரும்பினாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே கையை விட்டு ஸ்விட்சைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆறு அடி. ஐந்து அடி. எரிபொருள் பம்ப் மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது மார்லிஸுக்கும் கேட்டது. ஏதோ ஒரு வண்டு மாதிரி.

"நில்லு."

"அம்மா, போதும்."

மார்லிஸ் பின்தட்டிலிருந்து துடைப்பத்தை உருவி எடுத்து, ஓடிப்போய், மகளுக்கும் கதவுக்கும் குறுக்கே நீட்டினாள். கோரி நின்றாள். அம்மாவுக்காக நிற்கவில்லை, மார்பில் இடித்த கைப்பிடிக்காக நின்றாள். துடைப்பத்தின் தலை பானெட்டின் இடப்பக்க விளிம்புக்கு மேல், ஒன்றுமில்லாத வெறும் காற்றில் நின்றது.

ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. கோரி பெருமூச்சு விட்டு, கைப்பிடியைத் தள்ளக் கையெடுத்தாள்.

வைக்கோலின் நுனி பழுத்தது. பழுத்துக் கறுத்தது. பிறகு ஒரு நொடியில் துடைப்பம் முழுக்க மஞ்சளாகப் பற்றிக்கொண்டு எரிந்தது, அடுப்பில் செருகின மாதிரி. இருவரும் அதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. பானெட்டின் நீலச் சாயம் பால் பொங்குகிற மாதிரி குமிழ் குமிழாக எழும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடித் துடைப்பானின் ரப்பர் உருகி வடிந்தது. திறந்த கதவின் மேல்விளிம்பில் காற்று நெளிந்தது. கோரி கை நீட்ட இருந்த இடத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் வரை அது வந்துவிட்டிருந்தது.

"பின்னால போ," என்றாள் மார்லிஸ். குரல் எங்கிருந்து வந்ததோ, தெளிவாக இருந்தது. "பத்தடி. போயி உக்காரு."

கோரி பின்வாங்கினாள். போய் உட்கார்ந்தாள்.

காரின் பின்பக்கம் வெளியிலிருந்தே எல்லா மின்சாரத்தையும் நிறுத்துகிற ஒரு பிடி உண்டு. விதி அது. மார்லிஸ் சுற்றிக்கொண்டு ஓடி அதை இழுத்தாள். வண்டு அடங்கியது. இரண்டாவது கேனைத் தூக்கிவந்து, பானெட்டின் காற்று வாய் வழியாகவும் விளிம்பு வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள், எரிகிற துடைப்பத்தை மறு கையில் பிடித்துக்கொண்டு, காற்று எங்கே நெளிகிறதோ அங்கே ஊற்றினாள். நீராவி எழுந்தது. முழங்கை வரை மயிர் பொசுங்கியது அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் புல்வெளியில் யாரோ மஞ்சள் தீயைக் கண்டு கத்தினார்கள். மீட்பு வண்டி திரும்பியது. பார்வை மேடையில் கைதட்டல் வெகு நேரம் முன்பே நின்றுபோயிருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு ஆர்லோ வந்தான். பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். கிளாம்பின் விளிம்பில் ரப்பர் பிறைநிலா போலக் கிழிந்திருந்தது. மூடினான். தொப்பியைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மார்லிஸுக்கு முன்னால் நின்றான். வாயைத் திறந்தான்.

"வேணாம் ஆர்லோ," என்றாள் அவள். "இப்ப வேணாம்."

கோரி இன்னும் தரையில்தான் இருந்தாள், சொட்டச் சொட்ட, முழங்காலைக் கட்டிக்கொண்டு. அவள் பல் கிடுகிடுத்தது, அந்த வெயிலில். மார்லிஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர்களுக்கு முன்னால் துடைப்பத்தின் கைப்பிடி கரிந்து கிடந்தது.

"நீ சொன்னது சரிதாம்மா," என்றாள் கோரி. "இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே முன்னால நில்லு."

மார்லிஸ் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் அல்ல, இல்லை என்றும் அல்ல. தன் வலது கையை மடியில் விரித்து, ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் நனைந்திருந்தது.

"நான் பாத்தேன், கோரி."

"என்ன பாத்தே?"

"சொட்டினதை. தொட்டும் பாத்தேன். எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் உனக்குக் கட்டைவிரலைக் காட்டினேன்."

கோரி திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. சிறு வயதில் இருட்டு அறைக்குள் தனியாகப் போகச் சொன்னால் வருமே, அது வந்தது. மார்லிஸ் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததை அதற்குப் பிறகு ஒருநாளும் அவளால் மறக்க முடியவில்லை.

"ஏன்?" என்றாள் கோரி.

"வேற ஆள் பாத்துக்குவேன்னு சொன்னியே."

மீட்பு வண்டிக்காரர்கள் செவெலைக் கயிறு கட்டி இழுக்கத் தயாரானார்கள். ஒலிபெருக்கி அடுத்த பந்தயத்துக்குப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தது. கோரியின் ஈரக் கை வந்து அம்மாவின் வலது கையைப் பிடித்தது. அதைத் தூக்கி, அம்மாவின் கழுத்துக்கு இந்தப் பக்கத்தில் வைத்து, மெதுவாக அந்தப் பக்கத்துக்கு இழுத்தது. சின்னக் குழந்தைக்கு எழுத்துப் பழக்குகிற மாதிரி, இன்னொரு முறையும் இழுத்தது.